பாய்மரப் படகில் போனோம், ஃபெர்ரியில் தீவுகளைப் பார்த்தோம்



மகள் வீட்டிலிருந்து ஊர் திரும்பி மூன்று வாரம் ஆகிறது. "டீச்சர், படகுல உக்காந்து போட்டோ போட்டீங்களே, கதையைச் சொல்லவே இல்லையே" என்று 1998 எட்டாம் வகுப்பு செட் குழுவில் விடாமல் கேட்கிறீர்கள். சித்தப்பா வீட்டிலும் அதே கேள்விதான். எல்லாருக்கும் தனித்தனியாகச் சொல்லி மாளாது. அதனால் இங்கேயே எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளம். காபியோடு உட்காருங்கள்.

நாங்கள் போனது சுற்றிப் பார்க்க மட்டும் இல்லை. என் மகள் இங்கிலாந்தில், நியூகாசில் நகரத்தில் குடும்ப மருத்துவராக இருக்கிறாள். ஸ்காட்லாந்தின் மேற்குக் கடலில் மல் என்று ஒரு தீவு. அதன் தென்மேற்குப் பக்கம் மருத்துவர் வேலை ஒன்று இருக்கிறது, வர விருப்பமா என்று அவளைக் கேட்டிருந்தார்கள். அவளுக்கு ஆசை. மாப்பிள்ளை வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவர். அதோடு பாய்மரப் படகுப் பைத்தியம். இரண்டு நண்பர்களோடு சேர்ந்து முப்பத்தோரு அடிப் படகு ஒன்று வைத்திருக்கிறார். அவருக்கு இரட்டிப்பு ஆசை.

பேத்திக்குப் பத்து வயது. தீவின் அந்தப் பக்கத்தில் ஆரம்பப் பள்ளிதான் உண்டு. அதை முடித்த பிள்ளைகள் கடல் தாண்டி ஓபன் என்ற ஊரின் உயர்நிலைப் பள்ளிக்குப் போகிறார்கள். வாரம் முழுக்க விடுதி. வெள்ளிக்கிழமை ஃபெர்ரி ஏறி வீடு. இதைக் கேட்டதும் எனக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது. பன்னிரண்டு வயதுப் பெண் குழந்தை, நடுவில் கடல். "நீங்களும் வந்து பாருங்கம்மா. பார்த்துட்டு உங்க மனசுல பட்டதைச் சொல்லுங்க" என்றாள் மகள். உங்கள் சார் மாட்டையும் வயலையும் விட்டு வரமாட்டேன் என்றுவிட்டார். நான் மட்டும் கிளம்பினேன்.

ஆகஸ்ட் கடைசியில் போனோம். இங்கிலாந்தில் பள்ளிக்கூடம் செப்டம்பரில்தான் திறக்கும். ஸ்காட்லாந்தில் ஆகஸ்ட் நடுவிலேயே திறந்துவிடுவார்கள். அதனால் பேத்திக்கு விடுமுறை, தீவுப் பிள்ளைகளுக்குப் பள்ளி. நாங்கள் பார்க்க வேண்டியதும் அதைத்தான்.

பழைய வழக்கப்படி முதலில் வரைபடம். பிரிட்டன் படத்தில் மேலே இடது பக்கம் கிழிந்த துணி மாதிரி ஒரு கரை இருக்கும். அதுதான் ஸ்காட்லாந்தின் மேற்குக் கரை. அந்த நாட்டில் 700க்கும் மேற்பட்ட தீவுகள் உண்டு. ஆள் வசிப்பவை நூற்றுக்கும் குறைவு. மல் தீவு அவற்றில் பெரியவற்றில் ஒன்று, சுமார் 875 சதுர கிலோமீட்டர். ஆனால் மக்கள்தொகை மூவாயிரம் போலத்தான். தீவுக்கு எதிரே நிலப்பகுதியில் இருக்கும் துறைமுக ஊர் ஓபன். அவர்களுடைய பழைய மொழியான கேலிக்கில் 'சின்னக் குடா' என்று அர்த்தம்.

மாப்பிள்ளையின் படகு நின்றது ஓபனுக்கு எதிரே, கெரெரா என்ற குட்டித் தீவின் படகுத்துறையில். அந்தப் படகுக்குப் போகவே ஒரு சின்னப் படகில் ஏற வேண்டியிருந்தது. "நம்ம படகு இருக்கும்போது இன்னொரு படகுக்கு எதுக்கு மாப்பிள்ளை காத்திருக்கணும்?" என்றேன். "இந்த வாரம் பூரா அதைத்தான் அத்தை செய்யப் போறோம்" என்று சிரித்தார். விஷயம் அப்புறம்தான் புரிந்தது.

பாய்மரப் படகு சொந்தமாக இருந்தால் நினைத்த தீவுக்குப் போகலாம் என்றுதான் நம்மைப் போன்றவர்கள் நினைப்போம். காற்று எதிரே அடித்தால் வளைந்து வளைந்துதான் போக முடியும். பத்து மைல் தூரம் பதினைந்து மைலாகிவிடும். நீரோட்டம் எதிராக இருந்தால் ஆறு மணி நேரம் காத்திருந்து அது திரும்பியதும் கிளம்பவேண்டும். ஓபன் பக்கம் அமாவாசை, பௌர்ணமி ஒட்டிய நாட்களில் கடல் மட்டம் மூன்று மீட்டருக்கு மேல் ஏறி இறங்குகிறது. அவ்வளவு தண்ணீரும் தீவுகளுக்கு நடுவே இருக்கும் சந்துகள் வழியாகத்தான் போய் வரவேண்டும். தெற்கே ஜூரா தீவுக்கும் ஸ்கார்பா தீவுக்கும் நடுவில் கோரிவ்ரெக்கன் என்ற பெரிய நீர்ச்சுழல் இருக்கிறது. எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல் 1947இல் சின்னப் படகோடு அதில் மாட்டி மயிரிழையில் தப்பியிருக்கிறார்.

எல்லாவற்றையும்விட முக்கியம், போய்ச் சேர்ந்த இடத்தில் படகை நிறுத்த வேண்டும். நங்கூரம் பிடிக்கிற தரையும், அலை வராத மறைவும் எல்லாத் தீவிலும் கிடையாது. அதனால் விவரம் தெரிந்தவர்கள் பத்திரமான துறையில் படகைக் கட்டிவிட்டு, மிச்சத்தை ஊர் பஸ்ஸிலும் ஃபெர்ரியிலும் பார்க்கிறார்கள்.

புதன்கிழமை கிளம்பி மல் தீவுக்கும் நிலத்துக்கும் நடுவே உள்ள கடல்வழியில் போனோம். லிஸ்மோர் தீவின் முனையில் 1833இல் கட்டிய வெள்ளைக் கலங்கரை விளக்கம். எதிரே பாறைமேல் டூவார்ட் கோட்டை. நீரோட்டம் எங்கள் பக்கம் இருந்தது, படகு பறந்தது. எனக்கு லைஃப் ஜாக்கெட் மாட்டி, கம்பளித் தொப்பி போட்டு, ஒரு மூலையில் உட்கார வைத்துவிட்டார்கள். நான்கு மணி நேரம் வாந்தி எடுக்கவில்லை. இதை எழுதி வைக்கச் சொன்னவள் பேத்தி.

டோபர்மோரி போய்ச் சேர்ந்தோம். மல் தீவின் பெரிய ஊர் அது. கடலைப் பார்த்து வரிசையாகச் சிவப்பு, மஞ்சள், நீல வீடுகள். மீன்பிடித் தொழிலை வளர்ப்பதற்காகவே 1788இல் உண்டாக்கிய ஊர். பெயருக்கு 'மேரியின் கிணறு' என்று பொருள். துறைக்குள் நுழையும் நேரத்தில் எஞ்சின் சூடேறி எச்சரிக்கை மணி அடித்தது. குளிர்விக்கும் கடல்நீரை இறைக்கிற ரப்பர் சக்கரம் பிய்ந்துபோயிருந்தது. மாப்பிள்ளை பதற்றப்படாமல் பாயை வைத்தே மிதவைக்குக் கொண்டுபோய்க் கட்டினார். அந்தச் சக்கரம் ஓபன் கடையில்தான் கிடைக்கும் என்று தெரிந்தது. போன் செய்து எடுத்து வைக்கச் சொன்னார்.

வியாழக்கிழமை திட்டம், மல் தீவை வெளிக்கடல் வழியாகச் சுற்றி, தென்மேற்கு ஓரம் போய், அயோனா தீவைப் பார்ப்பது. மகள் வேலைக்குப் போகக்கூடிய பகுதியும் அதுதான். எஞ்சின் இல்லை. வானிலை அறிக்கை வேறு அட்லாண்டிக்கிலிருந்து பெரிய அலை வருகிறது என்றது. எஞ்சின் சரியாக இருந்தாலும் குழந்தையை வைத்துக்கொண்டு அந்த வழியில் போகமாட்டேன் என்றார் மாப்பிள்ளை. ஆகவே காலை பஸ்.

டோபர்மோரியிலிருந்து கிரெய்க்நியூர் ஒரு பஸ். ஓபன் ஃபெர்ரி வந்து நிற்கும் ஊர் அது. அங்கிருந்து ஃபினஃபோர்ட் வரை இன்னொரு பஸ், சுமார் 60 கிலோமீட்டர். இதில் பெரும்பகுதி ஒரே ஒரு வண்டி போகிற சாலை. எதிரே வண்டி வந்தால் ஒதுங்கி நிற்க ஆங்காங்கே இடம் விட்டிருக்கிறார்கள். ஒதுங்குகிறவருக்கு மற்றவர் கையைத் தூக்கி நன்றி சொல்கிறார். ஒரு வீட்டு வாசலில் ஓட்டுநர் நிறுத்தி, காத்திருந்த பெரியவரிடம் ஒரு மருந்துப் பையைக் கொடுத்தார். மகள் அதைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

ஃபினஃபோர்ட்டிலிருந்து அயோனா தெரிகிறது. ஒன்றரை கிலோமீட்டர் கடல். பத்து நிமிடம்தான். ஃபெர்ரி என்றால் நம் ஊர்க் கண்ணுக்கு ஒரு மிதக்கும் தட்டு. முன்பக்கப் பலகை கீழே இறங்கி சிமென்ட் சரிவில் உட்காரும். நடந்து ஏற வேண்டியதுதான். சுற்றுலா வருகிறவர்கள் காரை அந்தக் கரைக்குக் கொண்டுபோகக் கூடாது. அயோனாவில் 200க்கும் குறைவானவர்களே வாழ்கிறார்கள். ஆனால் 563ஆம் ஆண்டு கொலம்பா என்ற துறவி அயர்லாந்திலிருந்து தோற்படகில் வந்து இறங்கி மடம் அமைத்த இடம் அது. உலகப் புகழ்பெற்ற 'கெல்ஸ் நூல்' என்ற சித்திரக் கையெழுத்துப் பிரதி அங்கே எழுதத் தொடங்கப்பட்டது என்பது பல அறிஞர்கள் கருத்து. கல் சிலுவைகளையும் மடத்தையும் பார்த்தோம். எனக்கு அதைவிட அங்கே உள்ள ஆரம்பப் பள்ளியைப் பார்த்ததில்தான் மகிழ்ச்சி. இவ்வளவு சின்னத் தீவிலும் ஒரு பள்ளி!

இறங்கும்போதே ஃபெர்ரி ஊழியர், "அலை ஏறிக்கொண்டே வருகிறது. கடைசிப் படகுக்குக் காத்திருக்காதீர்கள், மதியமே திரும்பிவிடுங்கள்" என்று ஒவ்வொருவரிடமும் சொன்னார். சரிவில் அலை மோதினால் பலகையை இறக்க முடியாது. அப்போது படகு நின்றுவிடும். இரண்டு மணிக்கு நாங்கள் திரும்பி ஏறுகிறோம். சுற்றுலாக்காரர்கள் அத்தனை பேரும் இறங்கிய பிறகு, எதிர்த்திசையில் ஒரு அம்மாள் மட்டும் ஏறினார். கையில் இரண்டு பை மளிகை, ரொட்டி, தோளில் ஒரு சாக்கு நாய்த் தீனி. எங்களுக்கு அந்தப் படகு நின்றால் ஒரு நாள் வீண். அவருக்கு அது வீட்டுக்குப் போகிற வழி. மழைக்கு முன்னால் களத்தை மூடுகிற நம் ஊர்ப் பெண்களைப் போல அவர் முகத்தில் கவலையும் இல்லை, அவசரமும் இல்லை. கணக்குப் போட்டுவிட்டு வந்திருக்கிறார், அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை காற்று தணிந்தது. மகள் அங்கேயுள்ள மருத்துவர்களைப் பார்க்கப் போனாள். நான், மாப்பிள்ளை, பேத்தி மூவரும் ரப்பர் சக்கரம் வாங்க ஓபனுக்குக் கிளம்பினோம். கிரெய்க்நியூரிலிருந்து ஓபன் ஐம்பது நிமிடப் பயணம். இந்தத் தடத்தில் ஓடுவது பெரிய கப்பல். கறுப்பு உடல், வெள்ளை மேல்தளம், சிவப்புப் புகைபோக்கியில் சிங்கச் சின்னம். காலிடோனியன் மக்பிரேன் என்ற அரசு நிறுவனம் நடத்துகிறது. இரண்டு பழைய கப்பல் கம்பெனிகளை 1973இல் இணைத்து வந்த பெயர் இது. எல்லாரும் செல்லமாக 'கால்மாக்' என்கிறார்கள். அறிவிப்புப் பலகைகள் ஆங்கிலத்திலும் கேலிக்கிலும் இருந்தன. கொஞ்சம் பேர் மட்டுமே பேசுகிற மொழியானாலும் கப்பலில் அதற்கு ஓர் இடம் வைத்திருக்கிறார்கள். மொழி ஆசிரியை மனசு குளிர்ந்தது.

கீழ்த்தளத்தில் என்னென்ன ஏறுகிறது என்று மேலிருந்து எண்ணினோம். பேத்தி நோட்டில் எழுதினாள். ஆட்டு லாரி, பெட்ரோல் டேங்கர், தபால் வேன், பால் வண்டி, கூரைத் தகடு ஏற்றிய ட்ரெய்லர், மீதி கார்கள். "பாட்டி, இது கப்பல் இல்ல, ரோடு" என்றாள். கட்டணமும் அதே யோசனையில்தான். அதே தூரத்தைச் சாலையில் ஓட்டினால் என்ன செலவாகுமோ அதையொட்டிக் கட்டணம் இருக்கவேண்டும் என்று 2008இல் சில தீவுகளுக்குச் சோதனையாகத் தொடங்கி, பிறகு கால்மாக் ஓடும் மற்றத் தீவுகளுக்கும் கொண்டுவந்தார்கள். அதனால் சுற்றுலாக் கார்கள் பெருகின. கோடையில் தீவுக்காரருக்கே காருக்கு இடம் கிடைப்பது கஷ்டம் என்று பக்கத்தில் இருந்தவர் குறைப்பட்டார். நடந்து ஏறுகிறவருக்கு அந்தக் கஷ்டம் குறைவு.

ஓபனில் சக்கரம் வாங்கியாயிற்று. பிற்பகல் கப்பலில் திரும்பும்போதுதான் நான் எதற்காக வந்தேனோ அதைப் பார்த்தேன். தோளில் பையும் கையில் துணி மூட்டையுமாகப் பிள்ளைகள் வந்து ஏறினார்கள். வெள்ளிக்கிழமை வீடு போகிற விடுதிப் பிள்ளைகள். ஒரு பையன் உட்கார்ந்த உடனே தூங்கிவிட்டான். இரண்டு பேர் சீட்டாட்டம். கப்பல் ஊழியர் ஒருவர் கடந்து போகும்போது ஒரு பையனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, "உங்கப்பா இன்னிக்கு வர்றாரா, பஸ்ஸா?" என்று கேட்டார்.

பேத்தி பக்கத்தில் பதின்மூன்று வயது இருக்கும் ஒரு பெண் உட்கார்ந்தாள். இரண்டு பேரும் சிப்ஸ் பாக்கெட்டில் சிநேகமானார்கள். நான் ஜன்னலைப் பார்ப்பது போலக் காதைத் தீட்டிக்கொண்டேன். முப்பத்தைந்து வருஷம் வகுப்பறையில் பழகிய வித்தை அது. பேத்தி நேராகவே கேட்டாள்:

"வெள்ளிக்கிழமை கப்பல் வரலேன்னா என்ன பண்ணுவே?"

"ஹாஸ்டல்லயே இருப்போம். படம் போடுவாங்க. சனிக்கிழமை வந்தா சனிக்கிழமை போவோம். போன குளிர்காலத்துல ஒரு தடவை போகவே முடியல."

"அழுவியா?"

"முதல் வருஷம் அழுதேன். இப்ப இல்ல." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள்: "திரும்பிப் போற நேரம் மட்டும் எனக்குப் பிடிக்காது. அம்மா ரொம்ப நல்லா சமைப்பாங்க, அப்பதான்."

அதற்குப் பிறகு இருவரும் நாய்க்குட்டிகளைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். எனக்குத்தான் தொண்டை அடைத்தது.

கிரெய்க்நியூரில் இறங்கினால், ஃபினஃபோர்ட் பஸ் கப்பலுக்காகக் காத்து நின்றது. பிள்ளைகள் ஏறினார்கள். எதிர் பஸ்ஸில் நாங்கள் டோபர்மோரி திரும்பினோம். வழி முழுக்க எனக்குக் கொள்ளிடம்தான் நினைவு. நான் முதலில் வேலை பார்த்த பள்ளிக்கு ஆற்றுத் திட்டு கிராமங்களிலிருந்து பிள்ளைகள் தோணியில் வருவார்கள். உங்களில் சிலர் அப்படி வந்தவர்கள்தான். மேலே தண்ணீர் திறந்துவிட்டால் தோணி நிற்கும். வருகைப் பதிவேட்டில் ஒரே வரிசையாக 'ஆப்சென்ட்' விழும். ஒரு வாரம், இரண்டு வாரம். தண்ணீர் வடிந்த பிறகு பையன்கள் வந்துவிடுவார்கள். பெண் பிள்ளைகளில் இரண்டு மூன்று பேர் வரமாட்டார்கள். "தோணி நெச்சயமில்ல டீச்சர், பொட்டப்புள்ளய எப்படி அனுப்புறது" என்பார்கள் வீட்டில். அந்தப் பெண்களுக்குப் படிப்பு வராமல் இல்லை. ஆற்றைக் கடப்பது உறுதியில்லாமல் போனது, அவ்வளவுதான். ஒருத்தியின் சிலேட்டை நான் வெகு நாள் மேஜையில் வைத்திருந்தேன்.

அதனால் ஃபெர்ரி எனக்கு வேடிக்கைப் பொருளாகத் தெரியவில்லை. அந்த ஊர்க்காரர்களுக்கும் அப்படித்தான். யாரிடம் பேச்சுக் கொடுத்தாலும் நாலாவது வாக்கியத்தில் ஃபெர்ரி வந்துவிடுகிறது. கப்பல்கள் பல வயதானவை. ஒன்று பழுதானால் இன்னொரு தீவின் கப்பலை எடுத்து இங்கே ஓட்டவேண்டும். அங்கே துண்டு விழும். 2015இல் போர்ட் கிளாஸ்கோ கப்பல் கட்டும் தளத்தில் 97 மில்லியன் பவுண்டுக்கு இரண்டு புதிய கப்பல்களுக்கு ஒப்பந்தம் போட்டார்கள். 2018இல் ஓடவேண்டியது. முதல் கப்பலான கிளென் சானக்ஸ் அர்ரன் தீவுக்கு ஓடத் தொடங்கியது 2025 ஜனவரியில். செலவு பல மடங்காகிவிட்டது. அந்தத் தளத்தையே அரசு 2019இல் எடுத்துக்கொள்ள வேண்டி வந்தது. நம் ஊர்ப் பாலம் வேலைகளைப் பார்த்துப் பழகிய எனக்குக்கூட வியப்பாக இருந்தது.

சனிக்கிழமை புது ரப்பர் சக்கரத்தோடு எஞ்சின் பாடியது. தெற்கே வந்து, புல்டோரன் என்ற மறைவான குடாவில் நங்கூரம் போட்டோம். பெயருக்கு 'நீர்நாய்க் குளம்' என்று பொருள். சுற்றிப் பாறை, கண்ணாடி மாதிரித் தண்ணீர். ஞாயிற்றுக்கிழமை ரப்பர் படகில் கரையேறி, ஒரு மேட்டைத் தாண்டினால் ஒற்றை வளைவுக் கல்பாலம். 1790களில் கட்டியது. செயில் தீவை நிலத்தோடு இணைக்கிறது. அங்கிருந்து எல்லனபிக் கிராமம் வரை நடந்தோம். அதற்கு எதிரே, கூப்பிடு தூரத்தில் ஈஸ்டேல் தீவு.

இந்த ஃபெர்ரி எனக்கு ரொம்பப் பிடித்தது. உள்ளாட்சி நடத்துகிற சின்ன மோட்டார் படகு. பத்துப் பேர் ஏறினாலே நிறைந்த மாதிரி இருக்கும். படகு அந்தக் கரையில் இருந்தால், துறைக் கொட்டகையில் இருக்கும் பொத்தானை அழுத்த வேண்டும். ஹாரன் அடிக்கும், படகுக்காரர் வருவார். இருட்டிவிட்டால் விளக்கைப் போடவேண்டும். பேத்தி பொத்தானை அழுத்திவிட்டுப் பெரிய மனுஷி மாதிரி நின்றாள்.

ஈஸ்டேலில் கார் கிடையாது, சாலையும் கிடையாது. துறையில் வரிசையாகத் தள்ளுவண்டிகள் நிற்கின்றன, ஒற்றைச் சக்கர மண் வண்டிகள். ஒவ்வொன்றும் ஒரு வீட்டுக்குச் சொந்தம். மளிகை, கேஸ் சிலிண்டர், சாமான் எல்லாம் அதில்தான் வீடு போகும். ஒரு காலத்தில் இங்கிருந்து சிலேட்டுக் கல் கூரைகளுக்காகக் கடல் கடந்து போனது. குவாரிகள் கடல்மட்டத்துக்கு வெகு கீழே தோண்டப்பட்டவை. 1881 நவம்பரில் வந்த புயலில் கடல் புகுந்தது. அந்தப் பள்ளங்கள் இப்போது நீலக் குளங்கள். அதில்தான் வருஷா வருஷம் செப்டம்பரில் உலகத் தவளைக்கல் போட்டி நடக்கிறது. ஆமாம், நாம் குளத்தில் ஓட்டாஞ்சில்லி விட்டு எண்ணுவோமே, அதேதான்! நானும் ஒன்று விட்டேன். நான்கு தத்தல். ஒரு சிலேட்டுச் சில்லைப் பையில் போட்டுக்கொண்டு வந்தேன்.

அன்று இரவு படகுக்குள் சாம்பார் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மகள் கேட்டாள், "சொல்லுங்கம்மா."

நான் சொன்னது இதுதான்: "நீ பார்த்தது ஆகஸ்ட் மாசத் தீவு. சாயங்காலம் எட்டு மணிக்கு வெளிச்சம். ஜனவரியில இருட்டும் புயலும் இருக்கும்போது இரண்டு வாரம் இங்க வந்து வேலை பார். கப்பல் நிக்கிற ஒரு நாளாவது உனக்குக் கிடைக்கணும். அன்னிக்கு ராத்திரி உன் மனசு என்ன சொல்லுதோ, அதுதான் முடிவு. குழந்தையை ஒரு வெள்ளிக்கிழமை ஓபன்லேருந்து அந்தப் பிள்ளைகளோட கப்பல்ல கூட்டிட்டு வா. அவகிட்டயும் கேளு. இங்க பிள்ளைகளைக் கடல் தாண்டி அனுப்புறதுக்குக் கப்பலும் பஸ்ஸும் விடுதியும் பொறுப்பான ஆளுங்களும் இருக்காங்க. அது எனக்குத் தைரியம். ஆனா திரும்பிப் போற நேரத்துல அழப்போறது அவ. அதனால அவ சொல்லும் எடுபடணும்."

மகள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு ஜனவரியில் தற்காலிகமாக வர முடியுமா என்று கேட்டு எழுதுவதாகச் சொன்னாள். பேத்தி, "நான் யோசிச்சுச் சொல்றேன். அவசரப்படுத்தாதீங்க" என்றாள். சரியான பதில் என்று நினைக்கிறேன்.

அந்தப் பக்கம் போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். கேட்கிறவர்கள் நிறைய, அதனால் எழுதுகிறேன்.

1. காரோடு ஏறுவதானால் கோடையில் வெகு முன்னதாகவே பதிவு செய்யுங்கள். நடந்து ஏறுவது சுலபம், மலிவு. ஃபெர்ரியைப் பிடிக்கத் தோதாகப் பஸ் இருக்கிறதா என்று நேரப் பட்டியலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

2. கடைசி ஃபெர்ரியை நம்பித் திட்டம் போடாதீர்கள். அதற்கு முந்தியதில் திரும்புங்கள். ஊழியர் "சீக்கிரம் வாங்க" என்றால் காரணம் இருக்கும்.

3. பாய்மரப் படகில் போகிறவர்கள், ஃபெர்ரி வந்து நிற்கும் சரிவுக்குப் பக்கத்தில் நங்கூரம் போடக்கூடாது. ஃபெர்ரிக்கு வழி விட்டே நில்லுங்கள். அது ஊரின் சாலை.

4. மருந்து மாத்திரை ஒரு வாரத்துக்கு அதிகமாகவே கையில் வையுங்கள். மழைக்கோட்டு ஆகஸ்ட்டிலும் வேண்டும்.

5. கப்பலில் ஜன்னல் ஓரம் வேண்டாம், ஊர்க்காரர் பக்கத்தில் இடம் பிடியுங்கள். கடலை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

கடைசியாக உங்களிடம் ஓர் உதவி. உங்களில் எத்தனையோ பேர் பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் விடுதியில் சேர்ந்து படித்தவர்கள். பஸ் கட்டணம் இல்லாமல் பொங்கலுக்குக்கூட வீடு போகாதவர்களை எனக்குத் தெரியும். உங்களுக்கு அது எப்படி இருந்தது என்று என் பேத்திக்கு நாலு வரி எழுதுங்கள். அவளுக்குத் தமிழ் வாசிக்க வரும், கொஞ்சம் மெதுவாக. நல்லது மட்டும் எழுத வேண்டாம். அழுததையும் எழுதுங்கள், அழுகை எப்போது நின்றது என்பதையும் எழுதுங்கள். கீழேயே எழுதலாம், நான் அவளிடம் காட்டுகிறேன்.

எல்லாரும் நலமாக இருங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்